பின்கதவுப் பச்சை விளக்கு

"வெள்ளிக்கிழமை காலையிலயும் அது எரியாட்டி என்ர வேலை போயிரும், அக்கா."

மங்கையற்கரசியின் வீட்டுக்கு வந்த நிருஷா கதிரையில் உட்காரக்கூட இல்லை. பெரியகல்லாற்றில், வாவிக்கரைக் கல்யாண மண்டபம் ஒன்றின் அவசர விளக்குகளையும் வெளியேறும் வழிப் பலகைகளையும் பராமரிப்பவள் அவள். பின்கதவுக்கு மேலுள்ள பச்சைப் பலகைதான் அவளைப் படாதபாடு படுத்தியது. கரண்டில் அது எப்போதும் எரியும். சோதனைப் பொத்தானை அமத்திப் பட்டரிக்கு மாற்றினால், காலையில் செத்துக் கிடக்கும், பின்னேரம் எரியும்.

"முதலாளி காலையில அமத்துவார், எரியாது. நான் பொழுதுபட அமத்துவன், எரியும். பழைய பட்டரியப் போட்டு ஏமாத்துறன் எண்டுறார். புதுசு அக்கா!"

"நீ ஏன் காலையில பாக்கிறல்ல?" என்றார் மங்கையற்கரசி. காப்புறுதிக் கம்பனியில் பொய்க் கணக்குகளைப் பிடித்தே ஓய்வுபெற்றவர். அவசரப்படவே மாட்டார்.

"காலையில கல்யாணக்காரர் நிப்பாங்க. லைட்ட அணைக்க விடுவாங்களா? சகுனம் எண்டு சண்டைக்கு வருவாங்க. எல்லாரும் போனாப் பிறகுதான் பாப்பன்."

"முகம் வாடிக் கிடக்கு. நித்திரையாவது கொள்ளுறியா, புள்ள?"

"இப்பதான் கொஞ்சம் கொள்ளுறன். என்ர மனுசன் இரவில தோணியில மீனுக்குப் போறவர். மண்டபத்துத் துறையில இப்ப ஒரு லைட் எரியுதாம். பயமில்லாமக் கரைக்கு வாறார்."

மறுநாள் காலை, மங்கையற்கரசி ஓட்டோக்காரன் றுஸ்தியோடு மண்டபத்துக்குப் போனார். றுஸ்திக்குத் துப்பறிவதென்றால் சோறு தண்ணி வேண்டாம். "முதலாளிதான் கள்ளன், அக்கா! சம்பளத்த மிச்சம் பிடிக்கிறார்!" என்று வழியெல்லாம் தீர்ப்புச் சொல்லிக்கொண்டே வந்தான்.

பின்கதவடியில் மங்கையற்கரசி ஏணியில் ஏறினார். மற்ற விளக்குப் பெட்டிகளின் ஆணிகளில் சுவர்ப் பெயின்ட் காய்ந்திருந்தது. இதில் மட்டும் ஆணிகள் அடிக்கடி கழற்றிப் பூட்டியதுபோல் பளபளத்தன. மூடியைத் திறந்தார். பட்டரியின் அடியில் ஈர மணலும் ஊரிச் சிப்பியின் சில்லும் ஒட்டியிருந்தன.

"றுஸ்தி, கதவுக்கு மேல மணல் எப்படி ஏறும்?"

"காத்துக்கு?"

"மூடின பெட்டிக்குள்ளயா? அதுவும் ஈரமா?"

பிறகு அவர் முதலாளி நிஸ்தாரையும் நிருஷாவையும் இரவுக் காவல்காரர் குஞ்சித்தம்பியையும் பின்கதவடிக்குக் கூப்பிட்டார்.

"பட்டரியில பிழையில்ல. அது இரவில வெளிய போகுது, விடியத் திரும்பி வருது. அதால காலையில வெறுமை. பகல் முழுக்க இந்தப் பெட்டியில சார்ஜ் ஏறுது, அதால பின்னேரம் எரியுது. பலகை கரண்டில எரியிறதால ஒருத்தருக்கும் தெரியல்ல. அடியில துறையின்ர மணல். இரவில மண்டபத்துச் சாவி ஆரிட்ட இரிக்கு?"

குஞ்சித்தம்பி தலையைக் குனிந்தார்.

"போன மாசம் மீனுக்குப் போன இளையதம்பிர தோணி துறைக் கட்டையில அடிபட்டுக் கவிண்டது. கத்தினது கேட்டிச்சு, இருட்டில ஆளத் தெரியல்ல. உயிர் தப்பினதே பெரிய காரியம். அதுக்குப் பிறகு ஒவ்வொரு இரவும் இந்தப் பட்டரியில ஒரு பல்பக் கொழுவித் துறையில வைக்கிறன்."

"நல்ல மனசுதான், அண்ணே. ஆனா முகூர்த்த நேரம் கரண்ட் போனா, இவ்வளவு சனமும் எந்தக் கதவத் தேடும்?"

அவர் கண் கலங்கிவிட்டது. "அத நான் யோசிக்கல்ல, அம்மா."

ஏசுவதற்கு வாயைத் திறந்த நிருஷா அப்படியே நின்றாள். தன் வேலைக்கு உலை வைத்த பட்டரிதான் தன் கணவன் சிவதர்ஷனை இரவிரவாகக் கரை சேர்த்திருக்கிறது. அவளுக்கு அழுகை வந்தது. கோபம் போன இடம் தெரியவில்லை.

"நிஸ்தார் நானா, துறைக்கு ஒரு கரண்ட் லைன் இழுப்பம். கூலி வேணாம், இண்டைக்கே செஞ்சு தாறன்," என்றாள்.

நிஸ்தார் தாடியைத் தடவினார். "உன்னக் கள்ளி எண்டு சொல்லிப்போட்டன், மகள். மன்னிச்சிரு. கூலியும் தருவன், வயரும் நான் வாங்குறன்."

"நான் அப்பவே சொன்னன், முதலாளி நல்லவர் எண்டு," என்றான் றுஸ்தி.

வெள்ளிக்கிழமை காலை, பந்தல்காரர் வருமுன்பே நிஸ்தார் பொத்தானை அமத்தினார். பச்சைப் பலகை அசையாமல் எரிந்தது. பின்கதவுக்கு வெளியே, இரவு முழுக்க எரிந்த புது விளக்குக் கம்பத்தடியில் சிவதர்ஷன் தோணியைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"எரிஞ்சதா, புள்ள?" என்று துறையிலிருந்து கேட்டார் குஞ்சித்தம்பி.

"ரெண்டும் எரிஞ்சது, மாமா."