அம்மாவுக்கு ஒரு வார ஒத்திகை

கடுகுக்கு வயது பத்து. பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் உண்டு. ஆனால் ஆள் குட்டை, வாய் காரம். அதனால் தெருவே அவளைக் கடுகு என்றுதான் கூப்பிடும்.

கடுகின் அம்மாவுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் வேலை. இயந்திரம் ரொட்டியை வெட்டித் தள்ளும். அம்மா அதைப் பையில் போட்டுக் கட்டுவார். அந்த இயந்திரம் அடிக்கடி மக்கர் பண்ணும். எங்கே கோளாறு என்று சத்தத்தை வைத்தே அம்மா சொல்லிவிடுவார். ஆனால் மூடியில் கைவைக்கக் கூடாது. டிப்ளமா படித்த மெக்கானிக் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

"போல்ட் லூஸுன்னு தெரியுது. ஸ்பானரும் பக்கத்துலயே இருக்கு. அவர் டீ குடிச்சிட்டு வர்ற வரைக்கும் நான் வேடிக்கை பாக்கணும்!" என்று வீட்டுக்கு வந்து பொருமுவார்.

ஒருநாள் அந்த மெக்கானிக்கே அம்மாவிடம் ஒரு விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்தார். மாலை நேரக் கல்லூரி. இரண்டு வருட டிப்ளமா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டார். அவர் பேருந்து ஓட்டுநர். கோடு போட்டால்தான் அவருக்கு யோசனையே ஓடும். ஒரு பக்கம் 'கிடைப்பது', மறுபக்கம் 'இழப்பது'.

கிடைப்பது, ஒன்றரை மடங்கு சம்பளம். "மூடியைத் திறக்கலாம். அதையும் எழுதுங்க," என்றார் அம்மா. அப்பா சிரித்துக்கொண்டே எழுதினார்.

இழப்பது, கல்லூரிக் கட்டணம். அப்பா வாங்க நினைத்திருந்த மோட்டார் சைக்கிள். "பழைய சைக்கிள் நல்லாத்தான் ஓடுது, விடு," என்றார் அப்பா.

கடைசியில் அம்மா பேனாவை வாங்கி ஒரு வரி சேர்த்தார். 'கடுகு, சாயங்காலம் அம்மா இல்லாமல்.' எழுதியதும் தாளை மடித்துவிட்டார். "இது ஒண்ணுக்கே கட்டுப்படியாகாது. வேண்டாங்க."

கடுகு அந்த மடித்த தாளையே பார்த்தாள். அம்மாவின் ஆசைக்குக் குறுக்கே நிற்பது தான்தானா? உண்மையைச் சொன்னால், அம்மா இல்லாத மாலை அவளுக்கும் பிடிக்காதுதான். ஆனால் படிவம் வந்த அன்று அம்மா பாட்டுப் பாடிக்கொண்டே பாத்திரம் கழுவினாரே!

"என்னைக் கேக்காம என் பேரை எப்படி எழுதலாம்?" என்றாள். "ஒரு வாரம் ஒத்திகை பாப்போம். ஆறு மணியிலேர்ந்து எட்டரை வரைக்கும் அந்த ரூம்தான் காலேஜ். நான் உன்னைக் கூப்பிட மாட்டேன். நீயும் வெளியே வரக் கூடாது."

"கடுகு சிறுத்தாலும் காரம் குறையாதுன்னு சும்மாவா சொன்னாங்க!" என்றார் அப்பா.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு, மெக்கானிக்கிடம் இரவல் வாங்கிய புத்தகத்தோடு அம்மா அறைக்குள் போனார். ஆறு ஐந்துக்குக் கதவு திறந்தது.

"வீட்டுப்பாடம் எழுதிட்டியா?"

"அம்மா, நீ காலேஜ்ல இருக்கே!"

ஆறேகாலுக்கு, "தண்ணி குடிக்க வந்தேன்." ஆறரைக்கு, "ஏதோ விழுந்த மாதிரி சத்தம் கேட்டுச்சே?" விழுந்தது பென்சில்.

அன்றைக்கு மட்டும் ஒன்பது முறை. கடுகு ஒருமுறைகூட அம்மாவைக் கூப்பிடவில்லை. நான்கு முறை நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டாள்.

செவ்வாயும் அதே கதைதான். "பாத்தியா, இது சரிப்பட்டு வராது," என்றார் அம்மா.

"நான் பாஸ். ஃபெயிலானது நீ!"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "அப்பா வர்றதுக்கு ஏழு மணி ஆயிடுதே. அதுவரைக்கும் நீ தனியா இருந்தா எனக்கு எப்படிடி படிப்பு ஏறும்?"

கடுகுக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. ஆறிலிருந்து ஏழு வரை. ஒரே ஒரு மணி நேரம்! அதற்காகவா இரண்டு வருடப் படிப்பை மடித்து வைப்பது?

புதன்கிழமை பள்ளி விட்டதும் நேராகக் கீழ்த்தளத்துத் தையல்கடை அக்காவிடம் போனாள்.

"அக்கா, தினமும் ஒரு மணி நேரம் இங்க உக்காந்து வீட்டுப்பாடம் எழுதட்டுமா? வாயே திறக்க மாட்டேன்."

"யாரு, நீயா?" அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "தாராளமா பேசு. எனக்கும் பேச்சுத்துணை வேணும். ஊசியில மட்டும் கை வைக்காதே."

அன்று அம்மாவை வீட்டில் இருக்கவே விடவில்லை. புத்தகத்தைக் கையில் கொடுத்து நூலகத்துக்கு அனுப்பினாள்.

எட்டரைக்குத் திரும்பிய அம்மா, செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்துவிட்டார். "அந்த மெஷின் மழை நாள்ல மட்டும் ஏன் அடம்பிடிக்குதுன்னு இன்னைக்குத்தான் புரிஞ்சுது! பெல்ட் ஈரத்துல வழுக்குது!" சாப்பிட்டு முடிக்கும்வரை பெல்ட் பேச்சுதான். கடுகு என்ன செய்தாள் என்று கேட்கவே மறந்துபோனார். கடுகுக்கு அது கொஞ்சம் வலித்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது.

சனிக்கிழமை அம்மா படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

கல்லூரியின் முதல் நாள். ஆறு மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம். தையல்கடை அக்காவின் செல்போன் அடித்தது. அம்மாதான்.

"கடுகு, இங்க எல்லாரும் சின்னப் பசங்களா இருக்காங்கடி. என்னை டீச்சர்னு நெனச்சு எழுந்து வேற நின்னாங்க. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. திரும்பி வந்துடட்டுமா?"

கடுகு பென்சிலைக் கீழே வைத்தாள்.

"பயப்படாதேம்மா. முதல் வரிசையில போய் உக்காரு. பக்கத்துல இருக்கறவங்ககிட்ட பேர் என்னன்னு கேளு. ஒரு ஃப்ரெண்ட் கிடைச்சா எல்லாம் சரியாயிடும்."

"கிடைக்கலைன்னா?"

"நாளைக்கு நானே கூட வந்து விட்டுட்டு வரேன். இப்ப சமத்தா உள்ளே போ."

மறுமுனையில் மணி அடித்தது. "சரிம்மா," என்று சொல்லிவிட்டு அம்மா வகுப்புக்கு ஓடினார்.