ஆறாவது தேன்பெட்டி

தேன்பெட்டியின் வாசலில் எறும்புகள் போய்வந்துகொண்டிருந்தன. தேனீ இருக்கும் பெட்டியை எறும்பு அண்டாது.

மாதுங்காவில் நாலு வீட்டுப் பாத்திரம் கழுவிவிட்டு நேரே மொட்டைமாடி ஏறியிருந்த பேராச்சி, ஈரச்சாக்கை விலக்கி மூடியைத் திறந்தாள். மார்ச் மாதம் பதினோரு மணிக்கே தாராவியின் தகரக் கூரைகள் அனலைக் கக்க, தேனடை உருகி, மெழுகும் புழுக்களும் பெட்டியின் அடியில் குழைந்து, புளித்த மாவின் வாடை அடித்தது. ஓர் ஈகூட இல்லை. பிப்ரவரி வெயிலிலேயே பூக்கள் கருகிவிட, ஐந்து பெட்டிகள் காலியாயின. இதை மட்டும் சீனித்தண்ணீர் வைத்துக் காப்பாற்றி வந்தாள்.

பக்கத்து மாடியில் துணி காயப்போட்ட ராபியா எட்டிப் பார்த்தாள்.

"என்ன மைனி, எல்லாம் ஊருக்கு ரயிலேறிட்டா?"

"சும்மா கெட. வயிறு எரியுது."

"அதுக்காவது ரெக்கை இருக்கு. நாம எங்க ஓட?" ராபியா சிரித்தாள். "அண்ணனுக்குப் பேச்சு வந்துட்டு போல. ஒரு மணி நேரமா முனகுதாரு. செவுத்துல காது வச்சே கேட்டேன்."

பேராச்சியின் கை நின்றது.

அவள் புருஷன் நாகராஜ் பக்கவாதத்தில் விழுந்து பதினாறு மாதம். வாய் கோணித் திறந்தே கிடக்கும். 'ஏளா' என்று ஒருமுறை கூப்பிட்டுவிட மாட்டானா என்றுதான் அவள் எல்லா எண்ணெயையும் தேய்த்துப் பார்த்தாள். காலையில் அவன் உதடு வெடித்திருந்தது. வேலைக்குப் போகும் அவசரத்தில், ஈக்களுக்குக் கரைத்த சீனித்தண்ணீரிலேயே பஞ்சை நனைத்து வாயில் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

இரும்பேணியில் இறங்கினாள். மெய்தான். தாழ்ந்த, விடாத முனகல்.

ஜன்னலில் அவள் தொங்கவிட்ட ஈரச்சேலையால் அறை இருண்டு, குளிர்ந்திருந்தது.

"ஏங்க, நாந்தான்."

முனகல் ஏறியது. மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லை.

தேன் வாசனை.

சேலையை விலக்கினாள்.

அவன் கீழுதட்டில் ஈக்கள் வரிசையாக நின்றிருந்தன. கூட்டு வாசலில் நிற்பதுபோலவே. வால் தூக்கி, சிறகு அதிர உள்ளே காற்று விசிறிக்கொண்டு. பின்னால், அண்ணத்திலிருந்து, நகத்தளவு புது அடை தொங்கியது.

அவன் கண்கள் அவளையே பார்த்தன.

நாக்கு எழுந்தது. பதினாறு மாதத்தில் முதல்முறை. ஈக்கள் அதன்மேல் அடர்ந்து மூடின.

ஓர் ஈ வெளியே வந்தது. கன்னத்தில் ஏறியது. கண்ணோரத்து நீரைக் குடித்தது.

திரும்பி உள்ளே போயிற்று.