ஆளில்லாத இடத்தில் ஆட்காட்டி

உதயகலா மணற்காட்டுக்கு வந்து நாலு மாதமாகியிருந்தது. அன்று மாலைதான், ஆளில்லாத இடத்தில் ஆட்காட்டி கத்தியது.

யாழ்ப்பாணத்தில் மலை இல்லை. இருப்பவை இந்த மணல் மலைகள்தான். ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வருடக்கணக்காக நுணுக்குக்காட்டியில் இரத்தம் பார்த்த கண்களுக்கு, ஓய்வு பெற்றதும் தூரம் தேவைப்பட்டது. கடலோரத்தில் தனியாக நின்ற வீட்டை எடுத்தாள். தனக்கென்று அவள் எடுத்த முதல் வீடு. காலையில் கொக்குகள், வெயிலில் கீரி, மாலையில் சவுக்கு மரங்களின் இரைச்சலுக்கிடையே மணலில் குறுகுறுவென்று ஓடித்திரியும், ஆளைக் கண்டால் கத்தும் ஆட்காட்டிகள். அந்தப் பறவைகள் விஷயத்தில் அவளுக்கு ஒரு சின்னப் பெருமையும் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

உடுவிலில் தம்பி அருட்செல்வன் தன் வீட்டுப் பின்னறைக்கு வெள்ளையடித்து வைத்திருந்தான். ஒவ்வொரு மாலையும் போன் எடுப்பான்.

"பயமா இருக்கோ அக்கா? ஓமெண்டு சொல்லுங்கோ, இப்பவே வாறன்."

"இல்லை."

ஒருமுறை ஓம் என்றால் போதும். பிறகு பின்னறைதான்.

அன்று கத்தல் கடலோரத்தில் தொடங்கி ஓய்ந்தது. சற்றுப் பொறுத்து, சவுக்கங்காட்டுக்கு இப்பால் இன்னொரு சோடி கத்தியது. பிறகு அதற்கும் இப்பால். யாரோ நடந்து வருவதுபோல. வெளியே வந்து பார்த்தாள். மஞ்சள் வெயில். காற்று வரிவரியாகக் கோதிய மணல். ஒருவரும் இல்லை.

"குருவி பாக்கவெண்டு வீடெடுத்த ஆள் உலகத்திலை நீங்கள் ஒராள்தான்," என்று மறுநாள் மீன் கொண்டுவந்த யசிந்தா சிரித்தாள்.

"ஆளில்லாமல் ஆட்காட்டி கத்துமோ?"

"நாய் பொய் சொல்லும், என்ரை மனுசனும் சொல்லும். உது சொல்லாது." மீன் வெட்டிய கை நின்றது. "எந்தப் பக்கம் கத்தினது?"

"கடல் பக்கம்."

யசிந்தா சிலுவை போட்டுக்கொண்டாள். வழக்கமாகக் கேட்கும் தேத்தண்ணியைக் கேட்காமலே போய்விட்டாள்.

அடுத்தடுத்த மாலைகளிலும் அது வந்தது. ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் கிட்ட. தம்பிக்கு அவள் 'இல்லை' என்றே சொன்னாள்.

பிறகொரு மாலை காற்று விழுந்தது. சவுக்கு மரங்கள் இரையவில்லை. கடல்கூடக் கேட்கவில்லை. கத்தல் மட்டும். வேலியடியில். கிணற்றடியில். பின்கதவடியில்.

ஓய்ந்தது.

குசினிக்குள் ஈரமணல் மணம். அழுகிய கடற்பாசி மணம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. போனை எடுத்தாள். முன்கதவைத் திறந்தாள். நடந்தாள்.

போன் அடித்தது.

"பயமா இருக்கோ அக்கா?"

"ஓம்," என்றாள். "வா தம்பி."

"என்ன, மூச்சு வாங்குது?"

"றோட்டுக்குப் போறன்."

தலைக்கு நேர்மேலே ஓர் ஆட்காட்டி எழுந்து கத்தியது. மற்றொன்று. அவள் நடக்க, கூடவே வந்தன. விரைந்தாள். விரைந்தன.

"உதென்ன சத்தம்?"

"ஆட்காட்டி."

"உங்களைக் கண்டுதானே கத்துது. பயப்படாதைங்கோ."

அவள் நின்றாள். தன் தோளுக்குப் பின்னால் சரிந்து சரிந்து கத்தும் பறவைகளைப் பார்க்காமல் நின்றாள்.

"என்னை அதுகள் பழகிக் கன நாள், தம்பி. எனக்குக் கத்திறேல்லை."