உடையாத போல்ட்

டிராக்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

ஓட்டியவர் மூச்சை நிறுத்திக் கால் மணி நேரம் ஆகியிருந்தது.

சாப்பாட்டுத் தூக்கோடு வயலுக்கு வந்த டெய்லரம்மா முதலில் பார்த்தது டிராக்டரை. அப்புறம் அதன் பின்னால் மாட்டியிருந்த புல் வெட்டும் மெஷினை. அப்புறம், இரண்டையும் இணைக்கிற இரும்பு ஷாஃப்டை. அது நடுவில் முறிந்திருந்தது. முறிந்த பாதி சுழன்று சுழன்று, சீட்டில் உட்கார்ந்திருந்தவரின் முதுகை...

வேண்டாம். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. நாமும் சொல்ல வேண்டாம்.

செத்தவர் அவள் புருஷன். லேத் பட்டறை வைத்திருந்தவர். நூல் பிசகாமல் இரும்பு கடைகிற ஆள். அவருடைய சாவுக்குப் போலீஸ் எழுதிய காரணம் ஒரே வார்த்தை.

கவனக்குறைவு!

மெஷினை விற்ற கடைக்காரன் விசாரணையில் கையைக் கட்டிக்கொண்டு பவ்யமாகச் சொல்லியிருந்தான். இந்த மெஷினில் ஷியர் போல்ட் என்று ஒன்று இருக்கும், அது வேண்டுமென்றே மெத்தென்று செய்த போல்ட், பிளேடு கல்லிலோ கட்டையிலோ மோதினால் அது உடைந்துகொள்ளும், மெஷினும் ஆளும் பிழைத்துக்கொள்வார்கள். நான் நல்ல போல்ட் போட்டுத்தான் கொடுத்தேன். அடிக்கடி உடைகிறதே என்று அவரே கெட்டி போல்ட் மாட்டியிருக்கிறார். பாவம், லேத்காரர் இல்லையா, கை சும்மா இருக்காது.

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். ஃபைலை மூடினார்.

அதற்கப்புறம் ஊரில் எல்லோரும் அதையே சொன்னார்கள். துணி தைக்கக் கொடுக்க வந்தவர்கள்கூட அளவு கொடுத்துக்கொண்டே சொன்னார்கள். ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மகள் பையைக் கழற்றாமல் நின்று கேட்டாள்.

"அம்மா, அப்பா அவரே தப்பு பண்ணித்தான் செத்தாராமே... நிஜமா?"

டெய்லரம்மா அன்றைக்குத் தையல் மெஷினை மூடி வைத்தாள். அப்போது மூண்ட கோபம் ஒரு வருஷம் ஆகியும் அணையவில்லை.

ஒரு வருஷம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை, அவள் அதே கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

கடைக்காரனுக்குப் பட்டப்பெயர் கேரண்டி. ஆணியில் இருந்து அறுவடை மெஷின் வரைக்கும் எதைக் கேட்டாலும் "கேரண்டி" என்பான். அவளைப் பார்த்ததும் முகத்தில் ஒரு சங்கடம் வந்தது. அவள் கும்பிட்டதும் போய்விட்டது.

அவள் தணிந்த குரலில் விஷயத்தைச் சொன்னாள். பன்னிரண்டு ஏக்கரும் ஆள் உயரத்துக்குப் புல் மண்டிவிட்டது. பாம்பு வருகிறது. தீப்பிடிக்கும் என்று பஞ்சாயத்து ஆபீசிலிருந்து நோட்டீஸ். ஒரு மாசத்துக்குள் வெட்டியாக வேண்டும். முப்பத்தைந்து ஹெச்.பி. டிராக்டர் சும்மா கிடக்கிறது. அதற்குப் புல் வெட்ட எந்த மோவர் மாட்டலாம்?

கேரண்டிக்கு நிம்மதி. மூன்று மெஷின்களைக் காட்டினான்.

முதலாவது ஃபினிஷிங் மோவர். பங்களா வாசல் புல்லை முடிவெட்டின மாதிரி வெட்டும், உங்கள் காட்டில் விட்டால் அழுதுவிடும் என்றான். இரண்டாவது ஃப்ளெய்ல். குட்டிக் குட்டிச் சுத்திகள் நிறைய சேர்ந்து அடிக்கும், புல்லைப் பொடியாக்கும், கல்லைத் தூக்கி எறியாது. ஆனால் வேலை நிதானம். மூன்றாவது ரோட்டரி. இரண்டே பிளேடு. புல், புதர், கட்டைவிரல் மொத்தச் செடி, எல்லாம் காலி. நாலு வருஷம் ஓடினது, ஆனால் தானே பிரித்துப் பூட்டி, பெயின்ட் அடித்துப் புதுசாக்கியது. அகலம் ஐந்தடி, உங்கள் டிராக்டரின் பின்சக்கரத் தடத்தை மூடிவிடும்.

அவன் பேசிக்கொண்டே போனான். அவள் குனிந்து அந்த ரோட்டரியின் ஷாஃப்டைப் பார்த்தாள்.

ஷியர் போல்ட்டின் தலையில் ஒரு சொட்டு மஞ்சள்.



இருபது வருஷமாகத் துணிக்கு நூல் சேர்க்கிறவள் அவள். கடையில் உள்ள முப்பது மஞ்சளில் எது எந்தத் துணிக்கு என்று வெளிச்சம் இல்லாமலே சொல்வாள். இது எலுமிச்சை மஞ்சள் இல்லை. மாம்பழ மஞ்சள் இல்லை. மிச்சம் மீதி டப்பாக்களைக் கலக்கி, கொஞ்சம் பச்சையும் தெரியாமல் விழுந்துவிட்ட ஒரு மஞ்சள். எந்தக் கம்பெனியும் இப்படி ஒரு மஞ்சளை விற்காது.

இதே மஞ்சளை அவள் ஒரே ஒரு இடத்தில் பார்த்திருக்கிறாள். இன்ஸ்பெக்டர் மேஜையில், பிளாஸ்டிக் பைக்குள், புருஷன் மெஷினிலிருந்து எடுத்த போல்ட்டின் தலையில்.

இன்னும் குனிந்தாள். எந்த போல்ட்டிலும் தலையில் அதன் கெட்டியைச் சொல்லும் நம்பர் இருக்கும். இதில் இல்லை. கிரைண்டரில் இழைத்து, அதன் மேல் பெயின்ட்.

"இந்த போல்ட்டு அடிக்கடி உடையுமா அண்ணே? எனக்கு மாத்தத் தெரியாது."

"உங்களுக்கு அந்தத் தொந்தரவே வராது டெய்லரம்மா. கேரண்டி."

"யாரு போட்டது?"

"என் கையால போட்டது. என் கடையில வேற எவனையும் தொட விடமாட்டேன்."

"அதை இந்தக் கேரண்டி கார்டுல எழுதிக் கொடுத்துடுங்கண்ணே. பொம்பள தனியா இருக்கேன், நாளைக்கு யாரு கேட்டாலும் காட்டலாம்ல?"

அவன் சிரித்தான். எழுதினான். கையெழுத்தும் போட்டான்.

அவள் கார்டை மடித்து அளவு நாடாப் பைக்குள் வைத்தாள். அந்த மெஷினையே வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். மெஷினை வீட்டில் இறக்கிவிட்டு, மறுநாள் காலை பத்து மணிக்கு அவனே வந்து, தன் கையால் ஒரு சுற்று ஓட்டிக் காட்ட வேண்டும். அவர் ஓட்டினதற்கு அப்புறம் அந்த நிலத்தில் யாரும் வண்டி ஏறவில்லை அண்ணே, நீங்கள் ஓட்டினால் பயம் தெளியும் என்றாள்.

ஏமாந்த சோணகிரி! அப்படித்தான் கேரண்டி அவளைப் பற்றி நினைத்தான்.

மாலை நாலு மணிக்கு மெஷின் வந்து இறங்கியது.

நாலரைக்கு டெய்லரம்மா ஷெட் கதவைச் சாத்தினாள். புருஷனின் டூல் பெட்டியைத் திறந்தாள். மெஷினுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஸ்பேனரால் ஷியர் போல்ட்டைக் கழற்றினாள்.

பெட்டிக்குள் கைவிட்டு வேறொரு போல்ட்டை எடுத்தாள்.

ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் ஒன்றை மாட்டினாள். இறுக்கினாள். தலையில் ஒரு சொட்டு மஞ்சள் வைத்தாள். அந்த மஞ்சளைக் கலக்க அவளுக்கு மூன்று டப்பாவும் பத்து நிமிஷமும் போதுமானதாக இருந்தது.

வெளியே வந்து, ஒரு சாண் சிவப்புத் துணியும் நாலு ஆணியும் சுத்தியும் எடுத்துக்கொண்டு புல்லுக்குள் இறங்கினாள். திரும்பி வரும்போது கையில் சுத்தி மட்டும் இருந்தது.

கடைசியாக இன்ஸ்பெக்டருக்கு ஃபோன்.

இந்த ஒரு வருஷத்தில் அது இருபத்திமூன்றாவது ஃபோன். அவர் அலுத்துக்கொண்டார். கேஸ் முடிஞ்சு போச்சு, எத்தனை தடவை சொல்றது என்றார். இதுதான் கடைசி, நாளைக்குப் பத்து மணிக்கு வந்து மோட்டார் ரூமில் உட்கார்ந்தால் போதும், இனிமேல் கூப்பிடவே மாட்டேன் என்றாள். அந்த ஆசையிலேயே அவர் ஒத்துக்கொண்டார்.

"வரும்போது அந்த போல்ட்டு இருக்கிற பையையும் எடுத்துட்டு வாங்க சார்."

மறுநாள். பத்து மணி.

கேரண்டி வெள்ளைச் சட்டையில் வந்திறங்கினான். ஷாஃப்டை ஒரு பார்வை பார்த்தான். மஞ்சள் சொட்டு இருந்தது. திருப்தி. நிலத்தைப் பார்த்தான். முகம் கொஞ்சம் மாறியது.

"புல்லுக்குள்ள கட்டை கிட்டை ஏதாவது இருக்கா டெய்லரம்மா?"

"இருந்தா என்னண்ணே? போல்ட்டு உடைஞ்சுக்காதா?"

"அது உடைஞ்சுக்கும்... இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டேன்."

"எல்லாத்தையும் எடுத்தாச்சு. தைரியமா ஓட்டுங்க. அதோ, அந்த வரப்பைப் பார்த்து நேரா."

ஏறினான். ஸ்டார்ட் செய்தான். மெஷினைத் தரையோடு தாழ்த்தினான். பிளேடுகள் சுழல ஆரம்பித்தன.

முதல் கியர். ஆமை வேகம். ஆள் உயரப் புல் முன்னால் மடங்கி, பின்னால் பொடியாகி விழுந்தது. வேலை என்னவோ சுத்தம்தான், குறை சொல்ல முடியாது.

இருபது அடி. முப்பது அடி.

டெய்லரம்மா மோட்டார் ரூம் சுவரை ஒட்டி நின்றாள். உள்ளே இன்ஸ்பெக்டர் ஜன்னல் வழியாகப் பார்த்தபடி, வெறும் புல்லு வெட்டறதைப் பார்க்கவா என்னை வரச் சொன்ன என்று முணுமுணுத்தார்.

நாற்பது அடி...

புல் விலகியது.

சிவப்பு!

முன்சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவில், முழங்காலுக்குக் கீழே, சிவப்புத் துணி அடித்த ஒரு அடிமரக்கட்டை. போன வருஷம் லேத்காரர் மோதிய அதே கட்டை. விசாரணைக்கு வந்தபோது கேரண்டியே அதைப் பார்த்திருக்கிறான். இன்னும் இரண்டு மூச்சில் அது அவன் காலுக்கடியைத் தாண்டி, பின்னால் சுழலும் பிளேடுக்குப் போய்விடும்.

கிளட்சை மிதித்திருக்கலாம். முப்பது வருஷம் டிராக்டரோடு புரண்டவனுக்கு அது நினைவுக்கு வரவில்லை. உயிர் முந்திக்கொண்டது.

குதித்தான்!

பக்கவாட்டில் விழுந்து, உருண்டு, எழ முடியாமல் முழங்கையால் ஊர்ந்துகொண்டே கத்தினான்.

"ஓடுங்க! ஷாஃப்டு முறியும்! அது உடையாது... அது கெட்டி போல்ட்டு!"

டிராக்டர் அவனைப் பற்றிக் கவலைப்படாமல் முன்னே போனது. பிளேடு கட்டையில் மோதியது.

டிக்.

அவ்வளவுதான். பல்லால் நூலைக் கடித்து அறுத்தது போல ஒரு சின்னச் சத்தம். போல்ட் இரண்டாக உடைந்து விழுந்தது. பிளேடு நின்றது. ஷாஃப்ட் சாதுவாக வெறுமனே சுற்றியது. டிராக்டர் வரப்பில் முட்டி, இருமி, அணைந்தது.

வயலில் ஒரு சத்தமும் இல்லை.

கேரண்டி கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, நம்ப முடியாமல் டிராக்டரையே பார்த்தான். அவன் தலைமாட்டில் இரண்டு ஜோடிக் கால்கள் வந்து நின்றன. ஒன்றில் செருப்பு. இன்னொன்றில் போலீஸ் பூட்ஸ்.

பூட்ஸ்காரருக்குத்தான் கோபம் முதலில் வந்தது. டெய்லரம்மா பக்கம் திரும்பினார்.

"என்னம்மா இது? ஆளைக் கொல்லப் பார்த்தியா?"

"இல்ல சார். காப்பாத்தினேன். அவரு போட்டு அனுப்பினது இது."

அளவு நாடாப் பைக்குள்ளிருந்து ஒரு முழு போல்ட்டை எடுத்து அவர் கையில் வைத்தாள். நம்பர் இழைத்த தலை. ஒரு சொட்டு மஞ்சள். அதோடு, "என்னால் பொருத்தப்பட்டது" என்று கையெழுத்துப் போட்ட கார்டு.

இன்ஸ்பெக்டர் தன் சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் பையை எடுத்தார். இரண்டையும் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார். அதே இழைப்பு. அதே மஞ்சள். ஒரு வருஷமாக அந்தப் பை அவர் அலமாரியில்தான் இருந்தது.

டெய்லரம்மா கேரண்டிக்கு எதிரே குந்தி உட்கார்ந்தாள்.

"மெத்து போல்ட்டுதான் போட்டேன்னு சொன்னீங்களேண்ணே. அப்புறம் ஏன் குதிச்சீங்க?"

கடைசியில் உடைந்தான். மெத்து போல்ட் உடைந்தால் வாங்கினவன் கடைக்கே வந்து சண்டை போடுகிறான், உன் கேரண்டி இவ்வளவுதானா என்று சிரிக்கிறான். அதனால்தான்... பழைய மெஷின் எல்லாவற்றிலும்... லேத்காரர் மெஷினிலும் தானே தான்...

"சத்தமா சொல்லுங்க. இன்ஸ்பெக்டருக்குக் காது கொஞ்சம் மந்தம். ஒரு வருஷமா கேக்கல."

சத்தமாகச் சொன்னான். இன்ஸ்பெக்டர் எழுதினார். குனிந்த தலை நிமிரவில்லை.

"நேத்து ரெண்டு போல்ட்டையும் கையில வெச்சுகிட்டு அரை மணி நேரம் உக்காந்திருந்தேன்," என்றாள் அவள். "உங்களதையே திருப்பி மாட்டிடலாம்னு மனசு துடிச்சுது. பொய் சொல்லல. ஆனா நீங்களும் செத்துட்டா, பாவம், கவனக்குறைவுன்னு எழுதி மூடிடுவாங்க. எனக்கு நீங்க உயிரோட வேணும். கோர்ட்டுல நின்னு, என் பொண்ணு காதுல விழற மாதிரி சொல்றதுக்கு."

"என்னை... காப்பாத்தின அந்த போல்ட்டு..." கேரண்டி முனகினான்.

"அவரு கடைஞ்சது. பெட்டியில ஒரு டஜன் கடைஞ்சு வெச்சிருந்தார். உங்க போல்ட்டு எப்ப உடைஞ்சாலும் மாத்தறதுக்கு. அது உடையவே இல்ல."

அப்போதுதான் அவள் அழுதாள். ஒரு வருஷத்து அழுகை.

ஜீப் வந்தது. கேரண்டியை இரண்டு கான்ஸ்டபிள்கள் தூக்கி ஏற்றினார்கள். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி நின்றார். கேஸைத் திரும்பத் திறக்கிறேன், அந்த வார்த்தையை நானே அடிக்கிறேன் என்றார். மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனுஷன், கிளம்பும்போது பேச்சை மாற்றினார்.

"மெஷின் சாட்சியா ஸ்டேஷனுக்கு வந்துடும்மா. புல்லு நாற்பது அடிதான் வெட்டியிருக்கு. நோட்டீஸ் வேற இருக்குன்னு கேள்விப்பட்டேன். வேற எந்த மோவர் வாங்கப் போறீங்க?"

டெய்லரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பன்னிரண்டு ஏக்கரையும் ஒரு தடவை பார்த்தாள்.

"முப்பது ஆடு வாங்கிடறேன் சார். அதுல எவனும் போல்ட்டை மாத்த முடியாது!"