ஒற்றைச் சட்டை

பட்டனை அமுக்கியதும் வாஷிங் மெஷின் அரைச் சுற்றுச் சுற்றிப் பார்த்தது, முனகியது, நின்றுவிட்டது. புனிதா மறுபடி அமுக்கினாள். மறுபடியும் அதே முனகல். அடுப்படிக்குப் புதுத் தரை போட்ட வேலையாட்கள் மத்தியானம்தான் போயிருந்தார்கள். ஈரச் சிமெண்டு வாடையும், லகாட் ஊரையே நனைத்துக்கொண்டிருந்த சாயங்கால மழையின் இரைச்சலும், ஜன்னல் வழியே மெல்ல ஏறிவரும் இருட்டும் அந்தச் சின்ன இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன.

உள்ளே கிடந்தது ஒரே ஒரு சட்டை. குணசேகரனுடையது. சுண்ணாம்புக்கல் குவாரியில் மலை சரிந்து அவள் புருஷன் போன அன்று அழுக்குக் கூடையில் கிடந்தது. பதினாறாம் நாள் கருமாதியில் அவன் துணிமணிகளை ஆற்றில் விட்டபோது, இதை மட்டும் அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவிட்டாள், பாவி. அவன் வேர்வை வாடை இந்த உலகத்தில் வேறெங்கே இருக்கிறது? ஊரை ஏய்க்கலாம், அக்காவை ஏய்க்க முடியுமா? தரை போடச் சாமான்களை நகர்த்தியபோது நவமணி கண்ணில் பட்டுவிட்டது.

"வேர்வையோடவா வெச்சிருக்க? அதான்டி அவரு போக முடியாம தவிக்கிறாரு. இன்னிக்கே தொவைச்சிரு. நாளைக்கு ஆத்துல விட்டுறலாம்லா," என்று சொல்லிவிட்டு, ஈப்போவில் தான் வேலை பார்க்கும் டோபிக் கடைக்குக் கிளம்பிவிட்டாள்.

சட்டையை முகத்தில் அழுத்தி அழுது தீர்த்த பிறகுதான் புனிதா அதை உள்ளே போட்டாள். மெஷின் ஓடாததில் அவளுக்கு உள்ளூர நிம்மதிகூட. ஆனாலும் அக்கா சொன்ன சொல்லுக்காக அவளுக்குப் போன் போட்டாள்.

"பைப்பு தொறந்திருக்கா? டியூப்பு எங்கயாச்சும் மடங்கியிருக்கா பாரு."

"எல்லாம் சரியாத்தான்க்கா இருக்கு. செவப்பு லைட்டு ஒன்னு மின்னுது. தராசு படம் போட்டிருக்கு."

"அது பாரம்லா. தண்ணி வுடறதுக்கு முன்னாடி எடை பாக்கும். அதிகமா இருந்தா ஓடாது. எத்தன துணி போட்ட?"

"அந்தச் சட்ட மட்டுந்தான்."



"வெளிய எடுத்துப் பாரு," என்றாள் நவமணி, குரலைத் தாழ்த்தி.

புனிதா போனைப் பக்கத்தில் வைத்துவிட்டு மூடியைத் திறந்தாள். சுண்ணாம்புத் தூளின் காரலோடு, வேலை முடிந்து அவன் வாசலில் வந்து நிற்கும்போது அடிக்கும் அந்த வேர்வை வாடை குப்பென்று மேலே வந்தது. பழைய வாடை இல்லை. இன்றைய வேர்வை.

கையை உள்ளே விட்டாள். துணி சூடாக இருந்தது.

இழுத்தாள். வரவில்லை.

விரலால் தடவிப் பார்த்தாள். பட்டன்கள் கழுத்துவரை போடப்பட்டிருந்தன. அவள் போடவில்லை. துணிக்கு அடியில் ஏதோ மெல்ல எழும்பியது. தாழ்ந்தது. எழும்பியது.

"என்னாங்க..." என்றாள்.

"புனிதா? எடுத்துட்டியாடி?" போன் கத்தியது.

சட்டைக் கை அசைந்தது. அதன் நுனியிலிருந்து விரல்கள். ஒவ்வொன்றாக. வெள்ளைத் தூள் அப்பிய விரல்கள். தடவித் தடவி அவள் மணிக்கட்டைக் கண்டுபிடித்தன. பிடித்துக்கொண்டன.

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

மெஷின் ஒருமுறை குலுங்கியது. தண்ணீர் கொட்டத் தொடங்கியது. சட்டை நனைந்தது. வாடை குறைந்துகொண்டே போனது. விரல்கள் இறுகிக்கொண்டே இருந்தன.