முப்பத்தேழாவது வளையம்

"தம்பியைக் காப்பாத்தித் தாங்கன்னு கேட்டு நான் வரல," என்றாள் வந்தவள், செருப்பைக் கழற்றும் முன்பே. "அவன் மேலதான் தப்புன்னா அதையும் சொல்லிடுங்க. எனக்குத் தெரிஞ்சாகணும்."

மாடி வரை கேட்ட அந்தக் குரலில் அவசரம் இழைப்புளியைக் கீழே வைத்தான். அவன் தச்சன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. யார் எதைச் சொன்னாலும் பாதியிலேயே முடிவுக்கு வந்துவிடுவான் என்பதால் வீட்டில் அவனுக்கு அந்தப் பெயர். மாடியில் அவன் மரவேலைக்கூடம். கீழே அண்ணன் மனைவியின் அலுவலகம். அண்ணி பொறியாளர், உடைந்த இயந்திரம், சரிந்த சாரம், அறுந்த லிஃப்ட் என்று எது விழுந்தாலும் ஏன் விழுந்தது என்று கண்டுபிடிப்பது அவளுடைய தொழில். அதற்கு வேண்டிய சின்னச் சின்ன மாதிரிகளை அவன் செய்து தருவான். வாடிக்கையாளர் வந்தால் அவனும் கீழே இறங்கி வந்துவிடுவான். அண்ணி அதைத் தடுத்துப் பார்த்துக் கைவிட்டு வெகுநாளாகிறது.

வந்தவள் தையல்காரி. கழுத்தில் அளவுநாடா இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் கணவர், ஊர் எல்லையில் இருக்கும் இரும்புத் தொட்டித் தொழிற்சாலையில் கிரேனுக்குச் சங்கிலி மாட்டுபவர். அவள் தம்பி அதே இடத்தில் வெல்டர். ஒன்பது நாளைக்கு முன்னால், இரண்டு டன் தொட்டி ஒன்றை லாரியில் ஏற்றும்போது, சங்கிலிக் கொக்கி மாட்டுவதற்காகத் தொட்டியின் மேலே பற்றவைத்திருந்த இரண்டு தூக்குக் காதுகளில் ஒன்று பிய்ந்தது. தொட்டி சாய்ந்து விழுந்ததில் கணவரின் வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

"காதைப் பத்தவச்சது என் தம்பி. வெல்டிங் சரியில்லைன்னு நாளைக்குச் சாயங்காலம் அறிக்கையில கையெழுத்துப் போடப்போறாங்க. போட்டுட்டா அவனோட சான்றிதழ் போச்சு, எங்கயும் வேலை கிடைக்காது. போலீஸ் வேற வரும்."

"உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?" என்றாள் அண்ணி.

"எதுவும் ஞாபகமில்லைங்கறார். தம்பி தினமும் ஆஸ்பத்திரி வாசல்ல காவலாளிகிட்ட ஒரு ஃபிளாஸ்க் டீ குடுத்துட்டுப் போறான். நான் திறக்காமலே திருப்பி அனுப்பறேன்." அவள் நாடாவின் நுனியை விரலில் சுற்றினாள். "அவன் முகத்தை எப்படிப் பார்க்கறதுன்னு தெரியல."

அண்ணி குறிப்பேட்டைத் திறந்து வைத்தாள். பிறகு, "தேடிப்போற பதில் உங்க வீட்டுக்குள்ளேயே வந்து நின்னா?" என்று கேட்டாள்.

"இப்ப மட்டும் வெளியிலயா நிக்குது?"

மறுநாள் காலை தொழிற்சாலை வாசலில் அண்ணி நின்றுவிட்டாள். நுழைவாயிலின் மேலே குறுக்காக ஒரு இரும்புக் கம்பம். அதன் அடியில் ஒரு முழ நீளத்துக்குப் புதிய கீறல். கீறலுக்குள் நீலப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. உள்ளே முற்றத்தில், பக்கப்பலகை இல்லாத தாழ்வான பச்சை லாரி ஒன்று நின்றது.

"லாரி இடிச்சிருக்கு, அவ்வளவுதானே? வாங்க அண்ணி, உடைஞ்சதைப் பார்ப்போம்."

"இந்தப் பச்சை லாரி இதுக்கு அடியில போனா தலைக்கு மேல எவ்வளவு இடம் இருக்கும்?"

அவன் கண்ணால் அளந்தான். "தாராளமா ரெண்டு முழம்."

அண்ணி குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு நடந்தாள்.

மேனேஜர் முன்னால் வந்தார். நேரத்தை வீணாக்காத மனிதர். ஃபோர்மேன் பின்னால் வந்தார். அவர் சட்டைப்பையில் மூன்று பேனா. பிய்ந்த காதை மேசைமேல் வைத்திருந்தார்கள். உள்ளங்கை அளவு தகடு, நடுவில் துளை. அடியில் வெல்டிங் கோடு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் ஓரமாகத் தொட்டியின் தகடுதான் கிழிந்து வந்திருந்தது.

"வெல்டிங் பிடிச்சுக்கிட்டுதான் இருக்கு. கிழிஞ்சது பக்கத்துத் தகடு," என்றாள் அண்ணி.

"அதிகமாச் சூடு குடுத்தா பக்கத்துத் தகடு பலவீனமாயிடும் மேடம். இருபது தொட்டி இதே மாதிரி தூக்கியிருக்கோம். அதே கிரேன், அதே சங்கிலி, இதோ நிக்குற அதே லாரி. மாறினது என்ன? வெல்டிங் மட்டும்தான்," என்றார் ஃபோர்மேன்.

அவசரத்துக்கு இது நியாயமாகவே பட்டது. அண்ணி காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தொட்டியின் பக்கம் போனாள். பிய்யாத இன்னொரு காதும் நேராக நிற்கவில்லை. தொட்டியின் நடுவை நோக்கி, தலைகுனிந்த மாதிரி உள்பக்கமாக வளைந்திருந்தது.

"இதையும் வெல்டிங்தான் வளைச்சுதா?"

"விழுந்ததுல வளைஞ்சிருக்கும்."

"விழுந்தா தரையில படற பக்கம்தான் நசுங்கும். இந்தப் பக்கம் ஒரு கீறல்கூட இல்லையே," என்றாள் அவள். "சங்கிலியைப் பார்க்கலாமா?"

அது இரண்டு கால் சங்கிலி. மேலே ஒரு பெரிய வளையம், அதிலிருந்து இறங்கும் இரண்டு சங்கிலிகள், நுனியில் கொக்கிகள். மேல் வளையத்துக்குப் பக்கத்திலும் காலுக்கு ஒன்றாக இரண்டு சின்னக் கொக்கிகள் இருந்தன. தேவைப்பட்டால் சங்கிலியின் நடுவளையம் ஒன்றை அதில் மாட்டி நீளத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

"அன்னைக்கு முழு நீளம்தானா?"

"முழு நீளம். எப்பவும் முழு நீளம்," என்றார் ஃபோர்மேன்.

"அவசரம், எண்ணு."

எண்ணுவது அவனுக்குப் பிடிக்காத வேலை. கிரீஸும் கரியும் ஏறிய வளையங்களை மேலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தவன், பாதியில் நின்றுவிட்டான். ஒரு வளையத்தில் மட்டும் கரி போய், அழுத்திக் கடித்த மாதிரி ஒரு பளபளப்பான தழும்பு. முப்பத்தேழாவது. அடுத்த காலையும் எண்ணினான். அங்கேயும் முப்பத்தேழாவது வளையத்தில்தான் தழும்பு. சந்தேகம் வந்து இன்னொரு முறை எண்ணினான். மாறவில்லை. ஒரு காலில் மொத்தம் எழுபத்துமூன்று வளையங்கள்.

அண்ணி கேட்ட மற்றதெல்லாம் அளவுகள்தான். கிரேன் கொக்கி அதிகபட்சம் எவ்வளவு உயரம் போகும்? ஐந்தரை மீட்டர், அதற்கு மேல் தானாக நின்றுவிடும். தொட்டியின் உயரம்? ஒன்றே முக்கால் மீட்டரும் கொஞ்சமும். காதுகளுக்கு இடையே? இரண்டு மீட்டர்.

திரும்பும் வழியில் அவசரத்தால் பொறுக்க முடியவில்லை. "அந்த வளையத்தைச் சின்னக் கொக்கியில மாட்டிச் சங்கிலியைப் பாதியாக் குறைச்சிருக்காங்க. அது புரியுது அண்ணி. ஆனா அதனால என்ன? தொட்டி அதே ரெண்டு டன்தானே? சங்கிலி குட்டையானா பாரம் கூடிடுமா?"

"கூடாதுன்னு நினைக்கிறியா?"

"எப்படிக் கூடும்?"

"அப்ப மாதிரியைச் செய். ஐந்தில் ஒரு பங்கு. தொட்டி ஒரு கிலோ இருக்கட்டும்."

"இரும்புக்குப் பதிலா மரம், ரெண்டு டன்னுக்குப் பதிலா ஒரு கிலோ. இதை வச்சு என்ன தெரியும்?"

"அளவு சுருங்கும், பாரம் சுருங்கும். கோணம் சுருங்காது. எந்தப் பக்கம் எத்தனை மடங்கு இழுக்குதுன்னு கோணம் சொல்லிடும். மத்தபடி இது எவ்வளவு கனத்துல உடையும்னு இந்த மரத்துண்டுகிட்ட கேட்டா அது பொய்தான் சொல்லும். அதைக் கேட்கப் போறதில்ல." அண்ணி கொஞ்சம் யோசித்தாள். "ஒரு லாரியும் செய். பச்சை லாரி இல்ல. உயரமான பக்கப்பலகை வச்சது. கேபின் தலை அந்த வாசல் கம்பத்தை உரசற அளவுக்கு."

அவனுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. "நீலப் பெயிண்ட்!"

"அப்பாடா," என்றாள் அண்ணி.

நான்கு மணிக்கு, அண்ணி வரச்சொன்னபடி, ஆஸ்பத்திரி வார்டில் கடைசிக் கட்டிலைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். கட்டிலில் காலில் கட்டுடன் சங்கிலி மாட்டுபவர். தலைமாட்டில் அவர் மனைவி. கையெழுத்துப் போடவேண்டிய அறிக்கையோடு மேனேஜர், பக்கத்தில் ஃபோர்மேன். வாசலை ஒட்டி, உள்ளே வரலாமா என்று தெரியாதவனாக, ஃபிளாஸ்க்கும் கையுமாக வெல்டர்.

அவசரம், குளுக்கோஸ் பாட்டில் மாட்டும் கம்பியைக் கட்டிலோரம் இழுத்து, நோயாளியின் சாப்பாட்டு மேசையைக் கீழே நிறுத்தினான். மேசையிலிருந்து நூற்றுப்பத்து சென்டிமீட்டர் உயரத்தில் கம்பியில் ஒரு கொக்கி. மேசைமேல் அட்டை லாரி. அவன் கையில் மரத்தொட்டி. நர்ஸ் வந்து எட்டிப் பார்த்து, "பொம்மை விளையாட்டா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

"ஐயா," என்றாள் அண்ணி, கட்டிலில் இருப்பவரிடம், "இந்த ஊருல உங்களைவிட நல்லாச் சங்கிலி மாட்டறவங்க யாரும் இல்லைன்னு சொன்னாங்க. இந்த நூல்தான் சங்கிலி. முழு நீளத்துக்கு மாட்டிக் காட்டுங்க."

அவர் ஃபோர்மேனைப் பார்த்தார். பிறகு நூலை வாங்கி மாட்டினார். படுத்துக்கொண்டும் விரல்கள் தடுமாறவில்லை. அவசரம் மேல் முனையைக் கொக்கியில் தொங்கவிட்டான். கிரேன் போகக்கூடிய கடைசி உயரம் அதுதான். தொட்டி ஆடாமல் தொங்கியது.

"இப்ப லாரி வரட்டும்."

அவசரம் லாரியைத் தள்ளினான். பக்கப்பலகை தொட்டியின் வயிற்றில் இடித்து நின்றது. தொட்டி பலகைக்கு மேலே ஏற இன்னும் ஆறேழு விரல் உயரம் வேண்டியிருந்தது.

"இது எங்க லாரி இல்ல," என்றார் ஃபோர்மேன் சட்டென்று.

"இல்லதான். உங்க பச்சை லாரிக்குப் பக்கப்பலகையே கிடையாது. முழுச் சங்கிலியில சுலபமா ஏத்தலாம். இருபது தொட்டி அப்படித்தான் ஏத்தினீங்க. அன்னைக்கு வந்தது உயரமான நீல லாரி. உள்ள வரும்போது வாசல் கம்பத்தை உரசிட்டு வந்திருக்கு."

மேனேஜர் ஃபோர்மேன் பக்கம் திரும்பினார். "பச்சை லாரிதான்னு என்கிட்ட சொன்னீங்களே?"

"அது சர்வீசுக்குப் போயிருந்துச்சு சார். அன்னைக்கே அனுப்பியாகணும்னு நீங்கதான்..."

"நான் அனுப்பச் சொன்னேன். பொய் சொல்லச் சொல்லல."

அண்ணி குறுக்கே புகுந்தாள். "தொட்டி பலகையைத் தாண்டணும். கிரேன் இதுக்கு மேல போகாது. வழி ஒண்ணுதான்." அவள் நூல்களை அவிழ்த்து, இரண்டு சின்ன வில் தராசுகளை நூலோடு நூலாகக் கோத்தாள். "அவசரம், முதல்ல முழு நீளம். படி."

"ஐந்நூத்து அறுபது கிராம். ரெண்டுலயும்."

"ஒரு கிலோவை ரெண்டு பேர் பங்கு போட்டுக்கறாங்க, சாய்வுக்காகக் கொஞ்சம் கூட. நியாயம்தான். இப்ப முப்பத்தேழாவது வளையம். தராசு நீள்றதையும் சேர்த்து, பாதி நீளம்."

நூல்கள் குட்டையாயின. கூரைபோல் நின்றவை, இப்போது படுத்துவிட்ட மாதிரி அகலமாக விரிந்தன. தொட்டி மேலே ஏறியது. அட்டை லாரி அதன் அடியில் சுகமாக நுழைந்தது. அவசரம் தராசைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான்.

"ஆயிரத்து இருநூறு," என்றான். "ஒவ்வொண்ணுலயும். அண்ணி, தொட்டியே ஒரு கிலோதான்!"

"ஆமா. சங்கிலி செங்குத்தா இருந்தா பாரத்தைத் தூக்க மட்டும்தான் வேணும். படுத்துட்டா, தூக்கறதோட சேர்த்து ரெண்டு சங்கிலியும் ஒண்ணையொண்ணு பிடிச்சு இழுக்குது. மொத்த இழுப்பு முன்னைவிட ரெண்டு மடங்குக்கு மேல. உள்பக்கமா இழுக்கறது மட்டும் நாலு மடங்குக்கு மேல. அந்தக் காதுங்க மேல் நோக்கித் தூக்கறதுக்குச் செஞ்சது. அதனாலதான் ரெண்டும் உள்பக்கமா வளைஞ்சது. ஒண்ணு தாங்கிச்சு, இன்னொண்ணு தகட்டையே கிழிச்சுக்கிட்டு வந்துச்சு. வெல்டிங் கடைசி வரைக்கும் விடல."

வாசலில் நின்ற வெல்டர் ஃபிளாஸ்க்கை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான்.

"விழுந்ததுக்கு அப்புறம் யாரோ சங்கிலியைப் பழையபடி முழு நீளத்துக்கு அவிழ்த்து விட்டிருக்காங்க," என்றாள் அண்ணி. "காலு உடைஞ்சு கிடந்தவர் அதைச் செஞ்சிருக்க முடியாது."

ஃபோர்மேன் சட்டைப்பைப் பேனாக்களைச் சரிசெய்தார். யாரும் கேட்காமலே, "பயந்துட்டேன்," என்றார்.

"ஆனா குறைச்சு மாட்டினது?" என்று அவசரம் வாய்விட்டுக் கேட்டுவிட்டான். கேட்ட பிறகுதான் புரிந்தது. சங்கிலி மாட்டுபவர் அந்தத் தொழிற்சாலையில் ஒருவர்தான். அண்ணி நேற்றே சந்தேகப்பட்டுத்தான், பதில் வீட்டுக்குள்ளேயே வந்து நின்றால் என்று தையல்காரியிடம் கேட்டிருக்கிறாள்.

கட்டிலில் இருந்தவர் தொங்கும் மரத்தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஃபோர்மேன் குறைன்னார். குறைச்சேன்," என்றார். "ரொம்பப் படுக்குதேன்னு எனக்கும் தோணிச்சு. ஒரு தடவைதானேன்னு விட்டுட்டேன். கண்ணு முழிச்சுப் பார்த்தா எல்லாரும் வெல்டிங் வெல்டிங்னு பேசிக்கிட்டு இருந்தாங்க. நான் சொன்னா, கால் போனதும் என் தப்பு, வேலை போறதும் என் தப்புன்னு ஆயிடும்." அவர் வாசலைப் பார்க்கவில்லை. "ஞாபகமில்லைன்னு சொல்லிட்டேன் மாப்ள."

"பத்து நாளா," என்றான் வெல்டர். "தினமும் ராத்திரி கண்ணை மூடினா அந்தக் காதுதான் மச்சான். எந்த இடத்துல விட்டேன், எந்த இடத்துல விட்டேன்னு."

மேனேஜர் அறிக்கையை இரண்டாகக் கிழித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஃபோர்மேனிடம், "வாங்க, ஆபீஸ்ல பேசலாம்," என்று மட்டும் சொன்னார். அவர்கள் போனார்கள். அவசரம் தராசுகளைக் கழற்றத் தொடங்கினான். ஏதாவது நல்லதாகச் சொல்லவேண்டும் போல இருந்தது. அண்ணி பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

தையல்காரி தலைமாட்டிலிருந்து நகர்ந்தாள். கட்டிலைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போய், தம்பியின் கையிலிருந்து ஃபிளாஸ்க்கை வாங்கினாள்.

"ஆறிப்போயிருக்கும்கா."

"இருக்கட்டும்."

மூடியைத் திறந்து, அதிலேயே டீயை ஊற்றி அவனிடம் நீட்டினாள். அவன் நின்றபடியே குடித்தான். அவன் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். கட்டிலிலிருந்தவர் தலையைக் கொஞ்சம் உயர்த்திப் பார்த்தார். அவள் மூடியை வாங்கி உதறி, அவர் பக்கம் திரும்பாமல் ஃபிளாஸ்க்கை இறுக்கித் திருகி மூடினாள்.