எங்க மாமா பேரு

"பேரைக் காணோம்லே... அவுக பேரையே காணோம்!"

காலைக் காப்பி ஆறிக்கொண்டிருக்க, கோமு கூடத்தின் நடுவில் போனும் கையுமாக நின்றாள். ஏரலில் மகள் வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு, முந்தின நாள் சாயங்காலம்தான் வண்ணார்பேட்டைக்குத் திரும்பியிருந்தாள். வந்ததிலிருந்து அவள் போன் வீட்டு வைஃபையைப் பிடிக்கவே மாட்டேன் என்கிறது.

வைஃபை போனால் போகிறது, அவளுக்கு அதுவா வருத்தம்? அந்த வைஃபைக்கு அவள் புருஷன் முத்துசுப்பிரமணியனின் பெயர். அவர் உயிரோடு இருந்தபோது மகன் சொரிமுத்து விளையாட்டாக வைத்தது. மனுஷன் தை மாதம் கண்ணை மூடிய பிறகு, போனைத் திறந்து அந்தப் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் கோமு தினமும் பல்லே விளக்குவாள்.

அடுப்படியிலிருந்து மருமகள் கனி எட்டிப் பார்த்தாள்.

"நான் ஒண்ணும் செய்யல அத்தை. நீங்க ஏரல்ல இருக்கையில இடி விழுந்து பழைய வைஃபை பெட்டி கருகிட்டு. ஆளு வந்து புதுசு மாட்டிட்டுப் போனாரு..."

"புதுப்பெட்டி வந்தா எம் புருசன் பேரைத் தூக்கித் தூரப் போட்டுருவியோ? ஆளு போனா பேரும் போயிரணுமோட்டி?"

அடேயப்பா, என்ன வார்த்தை! அந்த மனுஷன் வாதத்தில் விழுந்தபோது, ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் வேலையை விட்டுவிட்டு, கஞ்சி ஊட்டி, பீ மூத்திரம் அள்ளியவள் கனி. ஒரு நாள் முகம் சுளித்திருப்பாளா? அதெல்லாம் இந்த வீட்டில் யாருக்கு ஞாபகம் இருக்கிறது!

சொரிமுத்துவின் போனுக்கு ஆபீஸ்காரர்களே நெட் கொடுத்திருந்ததால் அவன் வீட்டுப் பெட்டியைச் சீண்டுவதே இல்லை. இப்போது அம்மாவின் போனை வாங்கி அணைத்துப் போட்டான். பெட்டியை அணைத்துப் போட்டான். போனைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்தான். ம்ஹும்... அந்தப் பெயர் வரவே இல்லை.

"பழைய பேரையே வைக்கச் சொல்லத் தெரியாதா ஒனக்கு? படிச்சவதான நீ?" என்று பெண்டாட்டிமேல் பாய்ந்தான்.

"சொன்னேங்க... சத்தியமா சொன்னேன்!"

"பொய் வேறயா!" என்றாள் கோமு. "இவ இருக்க வீட்டுல நான் பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன். நான் ஏரலுக்கே போயிருதேன்லே..."

"நீ எதுக்கும்மா போணும்? கனி, நீ கொஞ்ச நாள் ஒங்க அம்மா வீட்டுல போய் இரு."

கனி கெஞ்சவில்லை. உள்ளே போய் நான்கு சேலைகளைப் பையில் திணித்தாள். இத்தனை வருஷம் உழைத்த வீட்டில் தனக்காக ஒரு சொல் சொல்ல ஆளில்லையே என்று நெஞ்சு வெந்தது.

கூடத்தில் சொரிமுத்து இன்னும் போனை நோண்டிக்கொண்டிருந்தான். "எல்லாம் அடுத்த வீட்டுக்காரன் நெட்டா வருது. இங்கன ஒண்ணு... இங்கிலீஷ் எழுத்துல, 'எங்க மாமா பேரு'ன்னு! இப்படியும் ஒரு கிறுக்கன் பேரு வைப்பானா!"

கனி பையோடு கூடத்துக்கு ஓடிவந்தாள்.

"அது நம்ம பெட்டிதாங்க! முன்ன என்ன பேரு இருந்துச்சுன்னு அந்த ஆளு கேட்டாரு. எங்க மாமா பேருன்னு சொன்னேன். அவசரத்துல அதையே அடிச்சு வச்சுட்டுப் போயிருக்காரு! எம் போனையும் அவரே நெட்டுல சேத்துக் குடுத்துட்டாரு, நான் பேரைப் பார்க்கவே இல்ல..."

"பேரைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?" என்றான் சொரிமுத்து.

"எப்படிங்க சொல்லுவேன்? வந்த புதுசுல மாமா பேரைச் சொன்னதுக்கு, மாமனார் பேரை வாயால சொல்லுதியான்னு அத்தை ஏசுனாகள்லா? அன்னைக்கிருந்து அந்தப் பேரு இந்த வாயில வந்ததில்ல..."

சொரிமுத்து பெட்டிப் பக்கம் திரும்பினான். "இப்பவே அப்பா பேரை மாத்திப் போட்டுருதேம்மா."

"வேண்டாம்லே. அப்படியே கெடக்கட்டும்."

கோமு பைய நடந்து வந்து கனியின் கையிலிருந்த பையைப் பிடுங்கினாள்.

"எனக்கும் அவுக மாமாதானேட்டி... எங்கம்மை கூடப்பொறந்த தம்பி. தாலி ஏறின பொறவும் நான் மாமான்னுதான் கூப்பிட்டேன்... பாவி, ஒன்னைப் போய் நாக்குல நரம்பில்லாம பேசிட்டேனே!"

கோமு அவளைக் கட்டிக்கொண்டு கதறினாள். கனியும் அழுதாள், மாமாவை நினைத்து. சொரிமுத்து அருகில் வந்து, "கனி..." என்று வாயெடுத்தான்.

அவள் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை.